மேல் மணலுக்கு எந்த எண்?

உச்சிப்புளிக் கடலோரத்துக்கு மாட்ஃப்ளோ என்ற கணினி நிரலில் நிலத்தடி நீரோட்ட மாடல் செய்துகொண்டிருக்கிறேன். மேல் மணல் அடுக்கை முதலில் அழுத்த நீர்த்தாங்கி (மேலே களிமண் மூடி, நீரை அழுத்தத்தில் வைத்திருக்கும் அடுக்கு) என்று கொடுத்துவிட்டேன். மாடலில் மோட்டாரை ஓட்டியதுமே நீர்மட்டம் பாதாளத்துக்குப் போனது. மேலே களிமண் மூடி இல்லாத மணல் அது. மட்டம் இறங்க இறங்க நீர் ஓடும் தடிமனும் குறையும். அடுக்கு வகையை மாற்றி, ஸ்பெசிஃபிக் யீல்டு, அதாவது மணலிலிருந்து தானாக வடியும் நீரின் பங்கு, 0.2 என்று கொடுத்தேன். ஒரு கன மீட்டர் மணல் வடிந்தால் சுமார் 200 லிட்டர் தண்ணீர் கிடைக்கும். அப்புறம்தான் மட்டம் நம்பும்படி வந்தது.

அப்பத்தா ஊற்றுத் தோண்டி கொட்டாங்குச்சியில் மொண்ட தண்ணீர் இது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீட்டர் நின்றால், கீழே உப்புநீரை ஏறக்குறைய 40 மீட்டர் ஆழத்துக்குத் தள்ளி வைக்கும். மேலே அரை மீட்டர் போனால் கீழே 20 மீட்டர் போச்சு. அதனால் இந்த 0.2 என்ற ஒரு எண்ணை ஊரில் பம்பிங் டெஸ்ட் (கிணற்றில் நீர் இறைத்து மட்டம் இறங்குவதை அளப்பது) செய்தே உறுதிசெய்யப் போகிறேன்.