விலை கேட்பதற்கு முன் என் மதிப்பு: பழம்பொருள் வாங்கிய 18 மாதக் குறிப்புகள்

பழைய பொருள்களை வாங்கும் பழக்கம் எனக்குப் பல ஆண்டுகளாக உண்டு என்றாலும், வாங்கியதை ஒழுங்காகக் குறித்துவைக்கத் தொடங்கி 18 மாதங்கள்தான் ஆகின்றன. அதற்கு முன்பு வாங்கியவற்றில் எது மலிவு, எதில் ஏமாந்தேன் என்று கேட்டால் என்னால் சரியாகச் சொல்ல முடியாது. மனம் நல்ல பேரங்களைக் கூடத்தில் வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பரணில் ஏற்றிவிடுகிறது. எனவே ஒரு நோட்டில் ஆறு கட்டங்கள் வரைந்தேன்: விலை கேட்பதற்கு முன் நான் போட்ட மதிப்பு, விற்பவர் சொன்ன விலை, படிந்த விலை, வண்டிக்கூலி, பழுதுபார்த்த செலவு, பிறகு தெரியவந்த உண்மை. இந்த ஆறில் முதல் கட்டம்தான் என்னைத் திருத்தியது. விலையைக் கேட்டுவிட்ட பிறகு போடும் மதிப்பு மதிப்பே அல்ல. சொன்ன விலையில் பாதியா, முக்காலா என்று அதைச் சுற்றியேதான் கணக்கு ஓடும்.

நோட்டின் முதல் வரியில் இருப்பது ஒரு பரிமாறும் தட்டு. வெள்ளி என்று சொல்லித்தான் விற்றார்கள். அடிப்பக்கத்தில் ஈ, பி, என், எஸ் என்ற நான்கு எழுத்துகளும் பக்கத்தில் கேடயம் போன்ற ஒரு முத்திரையும் இருந்ததைக் கண்டு, முத்திரை இருக்கிறதே என்று மகிழ்ந்து, என் மதிப்புக் கட்டத்தில் பெரிய தொகையாக எழுதினேன். சொன்ன விலை அதைவிடக் குறைவு என்றதும் பேரமே பேசவில்லை. வீட்டுக்கு வந்து விளக்கடியில் திருப்பிப் பார்த்தபோதுதான் விளிம்பு தேய்ந்த இடத்தில், நகத்தின் அகலத்துக்கு, மங்கிய மஞ்சள் நிறம் எட்டிப்பார்த்தது. அந்த நான்கு எழுத்துகளின் பொருள், நிக்கல் சில்வரின் மேல் மின்சாரத்தால் வெள்ளி முலாம் பூசியது என்பதாகும். நிக்கல் சில்வர், அதாவது பேச்சு வழக்கில் ஜெர்மன் சில்வர், செம்பும் துத்தநாகமும் நிக்கலும் சேர்ந்த கலவை. அதில் வெள்ளி துளியும் கிடையாது. இங்கிலாந்தில் எல்கிங்டன் நிறுவனம் மின்முலாம் பூசும் முறைக்கு 1840இல் காப்புரிமை பெற்றது. ஆகவே அந்த எழுத்துகள் உள்ள எந்தப் பொருளும் அதற்கு முற்பட்டதாக இருக்க முடியாது. வெள்ளியாக இருந்திருந்தால் 925 என்ற எண்ணையோ, ஸ்டெர்லிங் என்ற சொல்லையோ, ஆங்கிலேய வெள்ளியானால் நடக்கும் சிங்கத்தின் உருவத்தையோ நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். எழுத்தைப் பார்த்தேன், படிக்கவில்லை. தட்டு இன்றும் என் மேசையில் சாவிகளைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. தட்டு என்ற அளவில் குறை ஒன்றும் இல்லை.

அடுத்த மூன்று மாதங்கள் உலோகத்திலேயே கழிந்தன. சட்டைப்பையில் சிறு காந்தம் ஒன்று இருக்கட்டும் என்று சொல்லாதவர் இல்லை. பித்தளை முலாம் பூசிய இரும்பை அது ஒரு நொடியில் காட்டிக்கொடுத்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் காந்தம் ஒட்டாததெல்லாம் நல்ல உலோகம் என்று முடிவுகட்டினால் மறுபடியும் தட்டின் கதைதான். செம்பு, பித்தளை, ஈயம், அலுமினியம், ஜெர்மன் சில்வர், வெள்ளி ஆகிய எதிலும் காந்தம் ஒட்டாது. எனக்கு உண்மையில் கைகொடுத்தது 0.1 கிராம் வரை காட்டும் சிறிய மின்னணுத் தராசு. ஒரு கரண்டியை முதலில் தனியாக நிறுத்தேன்: 51.8 கிராம். பிறகு ஒரு குவளைத் தண்ணீரைத் தராசின் மேல் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, கரண்டியை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் தொடாதபடி முழுவதுமாகத் தண்ணீருக்குள் தொங்கவிட்டேன். தராசு 6.0 காட்டியது. கரண்டி ஒதுக்கிய தண்ணீரின் எடை அது. 51.8ஐ 6.0ஆல் வகுத்தால் 8.6 வருகிறது, அதாவது அதே கன அளவுத் தண்ணீரைப்போல் 8.6 மடங்கு எடை; ஜெர்மன் சில்வரும் பித்தளையும் இருக்கும் இடம் அதுதான். 925 வெள்ளியாக இருந்தால் 10.4க்கு அருகில் வரும்; அதாவது தராசு 5.0 மட்டுமே காட்டியிருக்கும். ஒரு கிராம் வித்தியாசத்தில் முழு விலையும் நிற்கிறது என்பதால் காற்றுக்குமிழி எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது. உள்ளே அரக்கு போன்ற பொருளை அடைத்துச் செய்யும் கத்திப் பிடிகளுக்கு இந்தக் கணக்கு உதவாது. இதைச் செய்து பார்க்கக் கடையில் இடம்கொடுப்பவர்களும் இருக்கிறார்கள், தராசை எடுத்ததும் முகம் கறுப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டாமவரிடம் வெள்ளி வாங்குவதை நிறுத்திவிட்டேன்.

மதிப்புப் போடுவதற்கு நான் எதைப் பார்த்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் இணையத்தில் அதே போன்ற பொருளுக்கு என்ன விலை போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து, அதையே நிலவரம் என்று நம்பினேன். போட்ட விலை விற்பவரின் ஆசை. ஒருவர் பணம் கொடுத்து எடுத்துச்சென்ற விலைதான் நிலவரம். விற்று முடிந்தவற்றை மட்டும் பிரித்துக் காட்டும் வசதி பல விற்பனைத் தளங்களில் உண்டு. ஏல நிறுவனங்களும் முடிந்த ஏலங்களின் தொகைகளை வெளியிடுகின்றன. விற்று முடிந்த ஐந்தாறு விலைகளைக் குறித்துக்கொண்டு, அதில் மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் விட்டுவிட்டு, நடுவில் இருப்பதை எடுத்துக்கொள்ளத் தொடங்கிய பிறகு என் முதல் கட்டம் சற்று நிதானமடைந்தது. ஏல விலையில் ஒரு சிக்கலும் இருக்கிறது: சுத்தியல் தட்டிய தொகைக்கு மேல் வாங்குபவர் தனியாகக் கமிஷன் கட்டுகிறார், பெரிய ஏல நிறுவனங்களில் அது ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டும், சில பட்டியல்கள் அதைச் சேர்த்தும் சில சேர்க்காமலும் காட்டுகின்றன.

மர சாமான்களில் நான் கற்றது பெரும்பாலும் தரையில் படுத்துத்தான். நூறு ஆண்டுக்கு மேற்பட்டது என்று சொல்லப்பட்ட ஒரு வட்ட மேசையின் அடியில் டார்ச்சுடன் நுழைந்தபோது, காலைப் பலகையோடு பிணைத்த திருகாணிகளின் தலையில் பெருக்கல் குறி போன்ற குழி இருந்தது. பிலிப்ஸ் திருகாணி எனப்படும் அது 1930களின் நடுவில்தான் சந்தைக்கு வந்தது. ஆனால் திருகாணியை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதும் தவறு, பழைய மேசையில் புதிய திருகாணியை யார் வேண்டுமானாலும் போட்டிருக்கலாம். எனவே ஒன்றைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேட்டேன். துளை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பழைய ஆணியின் தடமோ, அடைக்கப்பட்ட வேறு துளையோ இல்லை. பிறகு அளவு நாடாவை எடுத்தேன். மரம் காலப்போக்கில் ரேகையின் குறுக்கே சுருங்கும், ரேகையின் நீளவாட்டில் ஏறக்குறைய சுருங்காது. ஆகவே முழுப் பலகைகளால் ஆன, உண்மையிலேயே பழைய வட்ட மேசை சில மில்லிமீட்டராவது முட்டை வடிவத்துக்குப் போயிருக்கும். இந்த மேசை இரு வாட்டத்திலும் ஒரே அளவு காட்டியது.

"தம்பி, வாங்க வந்தீர்களா, வைத்தியம் பார்க்க வந்தீர்களா?" என்று கடைக்கார அம்மையார் கேட்டார்.

"வாங்கத்தான் வந்தேன் அம்மா. நல்ல மேசைதான், ஆனால் நூறு வயது இல்லை. நல்ல பழைய மேசைக்கு என்ன விலையோ அதைச் சொல்லுங்கள், எடுத்துக்கொள்கிறேன்."

சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, முதலில் சொன்னதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலான தொகையைச் சொன்னார். என் மதிப்பும் ஏறக்குறைய அதுவாகவே இருந்ததால் மேற்கொண்டு குறைக்கக் கேட்கவில்லை. அடிமாட்டு விலைக்குத்தான் வாங்குவேன் என்று பிடிவாதமாக நிற்பவர்களுக்கு அடுத்த முறை நல்ல பொருள் வந்தால் யாரும் தகவல் சொல்லியனுப்ப மாட்டார்கள்; இந்த அம்மையார் அதற்குப் பிறகு இரண்டு முறை சொல்லியனுப்பினார். வண்டிக்கூலியை மட்டும் முன்கூட்டி விசாரிக்காமல் விட்டேன், அது மேசை விலையில் கால் பங்கை விழுங்கியது.

பீங்கானில் எனக்கு அதிக ஈடுபாடு இல்லை என்பதால் சுருக்கமாக முடிக்கிறேன். கிண்ணத்தை விரல்நுனிகளில் ஏந்திச் சுண்டினால் மணியோசை நீளும். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் ஓசை செத்துப்போகும். புற ஊதா டார்ச்சின் அடியில் ஒட்டுப் பசை பெரும்பாலும் தனியாக ஒளிரும். அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மெக்கின்லி சுங்கச் சட்டம் இறக்குமதிப் பொருள்களில் உற்பத்தி நாட்டின் பெயரைக் கட்டாயமாக்கியதால், அடியில் நாட்டின் பெயர் இருப்பவை பொதுவாக அதற்குப் பிற்பட்டவை. பெயர் இல்லாததாலேயே பழையது என்று சொல்ல முடியாது. ஒட்டிய காகிதச் சீட்டு கழுவும்போது போயிருக்கலாம்.

என்னை அதிகம் அலைக்கழித்தது ஒரு சுவர்க் கடிகாரம்தான். கடையில் சாவி கொடுத்து ஊசலை ஆட்டியதும் ஓடியது, நான் நின்றிருந்த பத்து நிமிடமும் ஓடியது. வீட்டுச் சுவரில் மாட்டிய ஒரு மணி நேரத்தில் நின்றுவிட்டது. மூன்று நாள் எண்ணெயும் துணியுமாக மல்லுக்கட்டிய பிறகு, கண்ணை மூடிக்கொண்டு காதால் கேட்கலாம் என்று தோன்றியது. டிக் என்ற ஒலிக்கும் டாக் என்ற ஒலிக்கும் இடையிலான இடைவெளிகள் சமமாக இல்லை. ஒருபுறம் நீண்டு மறுபுறம் நொண்டியது. பெட்டியின் அடிப்பகுதியை ஒரு விரற்கடை இடப்புறம் நகர்த்தியதும் இரண்டும் சமமாகி, கடிகாரம் நிற்காமல் ஓடத் தொடங்கியது. நின்றுபோனது என்று மலிவாக விற்கப்படும் ஊசல் கடிகாரங்களில் சிலவற்றுக்கு நோய் இவ்வளவுதான் என்று தெரிந்தபோது, முன்பு தள்ளிவிட்டு வந்த இரண்டை நினைத்து வருந்தினேன்.

ஆனால் கதை முடியவில்லை. ஓடிய கடிகாரம் நாளுக்கு 40 நிமிடம் முந்தியது. ஊசலின் அடியில் உள்ள திருகைக் கடைசிவரை இறக்கியும் அரை மணி நேரத்துக்குக் கீழே வரவில்லை. ஊசலின் நீளத்தில் 1 விழுக்காடு மாறினால் ஓட்டத்தில் அரை விழுக்காடு மாறும். ஒரு நாளில் அது சுமார் 7 நிமிடம். 40 நிமிடம் முந்துகிறது என்றால் ஊசல் ஏறக்குறைய ஐந்தரை விழுக்காடு குட்டை. அதாவது அது இந்தக் கடிகாரத்தோடு பிறந்த ஊசலே அல்ல, வேறொன்றிலிருந்து எடுத்து மாட்டியது. உறுப்புகள் அனைத்தும் அசலாக உள்ள கடிகாரத்தின் விலையைக் கொடுத்துவிட்டு, இரண்டு கடிகாரங்களின் கலவையை வாங்கியிருந்தேன். சரியான நீளத்தில் ஊசல் ஒன்று தேடி வாங்கிய செலவை ஐந்தாவது கட்டத்தில் எழுதியபோது மொத்தம் என் மதிப்பைத் தாண்டிவிட்டது. இப்போது கடிகாரம் வாங்குவதானால் கைப்பேசியில் அரை மணி நேரம் காலம் பார்த்துவிட்டுத்தான் விலை கேட்கிறேன். அவ்வளவு நேரத்தில் இந்தக் கடிகாரம் 50 நொடி முந்தியிருக்கும், அன்றே தெரிந்திருக்கும்.

நோட்டில் இதுவரை 41 வரிகள் உள்ளன. அவற்றில் 23 வாங்கியவை, 18 விட்டுவந்தவை. முதல் பத்து வரிகளில் ஏழில் என் மதிப்பு பிறகு தெரிந்த நிலவரத்தைவிடக் கூடுதலாக இருந்தது, கடைசிப் பத்தில் மூன்றில் மட்டுமே அப்படி. விட்டுவந்த 18இல் இரண்டுக்காக இன்றும் வருந்துகிறேன், இரண்டும் மேலே சொன்ன கடிகாரங்கள்தான்.

41ஆவது வரி ஒரு மடிப்புக் கேமரா. தோல் துருத்தியின் மடிப்பு மூலைகளில் ஊசித்துளைகள் இருக்கின்றனவா என்று, சிறு டார்ச்சை உள்ளே வைத்து, மேலே என் சட்டையைப் போர்த்திப் பார்த்தேன். இரண்டு மூலைகளில் ஒளிப்புள்ளி தெரிந்தது. ஒரு நொடி வேகத்தில் ஷட்டர் திறந்து மூடாமல் நின்றது, வில்லையின் ஓரத்தில் பூஞ்சை சிலந்திவலைபோல் படர்ந்திருந்தது. என் மதிப்பை எழுதிவிட்டு விலையைக் கேட்டேன். நல்ல நிலையில் உள்ள கேமராவின் விலையைச் சொன்னார். மூன்று குறைகளையும் காட்டினேன். "பழசு என்றால் அப்படித்தான் இருக்கும்" என்றார். அது கண்ணாடி அலமாரியின் கீழ்த்தட்டில் இன்னும் இருக்கிறது, போன வாரம் போய்ப் பார்த்தேன். விலைச்சீட்டில் பழைய எண்ணை அடித்துவிட்டு வேறொன்று எழுதியிருக்கிறார்கள், என் எண்ணுக்கு இன்னும் சற்றுத் தூரம் இருக்கிறது.