ஒன்பது இஸ்பேட் கணக்கு

டெக்சாஸ் ஹோல்டெம் என்ற போக்கர் சீட்டாட்டத்தைப் புதிதாக ஆட வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, பாதிக்கு மேற்பட்ட கைகளை (நமக்கு வரும் இரண்டு சீட்டுகளை) ஆடாமலே விடுங்கள் என்பதுதான். ஏஸ் ஜோடி சராசரியாக 221 கைக்கு ஒன்றுதான் வரும். சுற்றில் கடைசியாக முடிவு சொல்லும் இடம் கிடைத்தால் மட்டும் சுமாரான சீட்டையும் ஆடிப் பார்க்கலாம்.

அப்புறம், எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு. கையில் இரண்டு இஸ்பேட், மேஜையில் எல்லோருக்கும் பொதுவாக விழுந்த மூன்றில் இரண்டு இஸ்பேட். மிச்சம் ஒன்பது, நாம் பார்க்காத சீட்டு 47. அடுத்த சீட்டிலேயே ஃப்ளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) அமைய 19 சதவீதம்தான் வாய்ப்பு. நடுவில் 100 சிப்ஸ் (பந்தய வில்லைகள்) இருக்க, எதிராளி 50 போடுகிறார். 150-ஐப் பிடிக்க 50 கட்ட வேண்டும், அதாவது மொத்தம் 200-ல் நம் பங்கு 50, ஆகவே 25 சதவீத வாய்ப்பாவது தேவை. நம்மிடம் இருப்பது 19-தான், விட்டுவிடுங்கள். அந்த 50-தான் அவரிடம் இருந்த மொத்தமும் என்றால் கதை வேறு: மேற்கொண்டு பந்தயம் இல்லாமல், மேஜையில் இனி விழும் இரண்டு சீட்டும் பார்த்துவிடலாம், வாய்ப்பு 35 சதவீதம். தயங்காமல் கட்டுங்கள்.