சங்கத்துக்குப் போகும் தோழி: பினாங்கு நாட்குறிப்பு

பிப்ரவரி 5, 2025

கடலோரச் சீனக் குடியிருப்பான சியூ ஜெட்டியில் நிற்க இடமில்லை. சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள் நள்ளிரவில் தொடங்கும் தீ கோங் (வானுலகப் பேரரசர்) பூசை, தென்சீனத்து ஃபூச்சியன் வழிவந்த ஹொக்கியன்காரர்களுக்குப் புத்தாண்டையே மிஞ்சும் விழா. மேசைதோறும் முழுக் கரும்பு. பகைவருக்குத் தப்பிக் கரும்புக் காட்டில் ஒளிந்த முன்னோர், ஒன்பதாம் நாள் உயிரோடு வெளியே வந்தார்களாம். கதையைச் சொன்ன அலுவலகத் தோழி, "எங்கம்மா கான்டனீஸ். அவங்களுக்கு இது வெறும் டிராபிக் ஜாம்" என்றாள். 'சீனர்' என்று நாம் மொத்தமாகச் சொல்வது அவள் வீட்டுக்குள்ளேயே செல்லாது.

பிப்ரவரி 8

கூ கோங்சி என்ற குலச் சங்கத்துக்குப் போனோம். 1901-இல் எரிந்து, 1906-இல் மறுபடி எழுந்த கட்டடம். ஃபூச்சியனின் ஒரே கிராமத்திலிருந்து வந்த கூ குலத்தாருடையது. சுவர்ப் பலகைகளில் பட்டம் வாங்கிய வாரிசுகளின் பெயர்கள். நாம் கோயில் டியூப்லைட்டில் உபயதாரர் பெயர் எழுதுவோம், இங்கே டிகிரி!

தோழி வேறு குலம். அவளுடைய சங்கம் சின்னது: மாடியில் முன்னோர் பலகைகள், கீழே வாடகைக்கு விட்ட கடை. அந்த வாடகையில்தான் மாணவர்களுக்கு ஊக்கத்தொகை. இளசுகள் பலர் காசோலை வாங்கிப் படம் எடுத்துக்கொள்வதோடு சரி. இவள் போவது பாட்டி பேசிய ஹொக்கியன் மொழிக்காக. சீனப் பள்ளியில் பொதுச் சீனமான மண்டரின்தான். பாட்டி போனபின் வீட்டிலும் அதுவே. சங்கத்திலாவது காதில் விழுமென்று போனால், 'இந்தக் காலத்துப் பிள்ளைக்குப் புரியாது' என்று பெரியவர்கள் அக்கறையாக மண்டரினுக்கு மாறிவிடுகிறார்களாம். இளையோர் வருவதில்லை என்று புலம்புபவர்களும் அவர்கள்தான்.

பிப்ரவரி 10

நாளை தைப்பூசம். ரத ஊர்வலப் பாதையில் சீனர்கள் குவித்த தேங்காய்கள். தோழியின் அப்பாவும் நேர்ந்துகொண்டு வந்திருந்தார். "சங்கத்துல ஒன்னும் சொல்ல மாட்டாங்களா?" என்றேன். "பாதி அங்கிள்கள் இங்கதான் நிக்கிறாங்க" என்றாள் தோழி.

பிப்ரவரி 12

சங்கத்தின் சாப் கோ மே (புத்தாண்டின் பதினைந்தாம் நாள்) விருந்தில் தோழியை இளைஞர் பிரிவுச் செயலாளர் ஆகச் சொல்லியிருக்கிறார்கள். கூட்டம் ஹொக்கியனில் நடந்தால் சரி என்றாளாம், சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள். அப்புறம் அடுத்ததைக் கேட்டிருக்கிறாள்: உறுப்பினர் தகுதி அப்பா வழிப் பெயருக்கு மட்டும்தானே, நாளைக்கு என் பிள்ளைகள்? அதற்கு யாரும் சிரிக்கவில்லை. ஆண்டுக் கூட்டத்தில் பேசலாம் என்று ஒத்திப்போட்டுவிட்டார்கள். தீர்மானத்தை இப்போதே எழுதத் தொடங்கிவிட்டாள், மண்டரினில். ஹொக்கியனில் அவளுக்கு எழுத வராது.