இரண்டு வால்வுகள், ஒரு தொட்டி: ராணிப்பேட்டை நாட்குறிப்பு

மே 6, திங்கள்

வேலூரிலிருந்து காலைப் பேருந்தில் கிளம்பி, ஆற்காட்டைத் தாண்டிப் பாலாற்றுப் பாலத்தைக் கடந்தபோது கீழே வெறும் மணல்தான் தெரிந்தது. ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலை ஒன்றின் கழிவுநீர் நிலையத்துக்கு எங்கள் குழு எழுதியிருக்கும் பி.எல்.சி. (வால்வுகளையும் பம்புகளையும் இயக்கும் தொழிற்சாலைக் கணினி) நிரல் பாதுகாப்பானதுதானா என்று சரிபார்ப்பது என் பொறுப்பு.

முடி நீக்கச் சோடியம் சல்பைடு கலந்த சுண்ணாம்புத் தண்ணீரும், தோலை ஊறவைத்த அமிலத் தண்ணீரும் இங்கே நேரம் மாற்றி ஒரே தொட்டிக்கு வருகின்றன. சுண்ணாம்புத் தண்ணீரில் காற்றைச் செலுத்திச் சல்பைடை அழித்து, தொட்டியைக் காலி செய்த பிறகே அமிலத்தை விட வேண்டும். முன்னதாக விட்டால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம் எச்சரிக்கும் என்று நம்பியிருக்க முடியாது; வாயு அதிகமானால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாமல் போய்விடும்.

மே 8, புதன்

விதியைத் தாளில் எழுதினேன்: அமில வால்வு திறந்திருக்கும் எந்த நொடியிலும் சுண்ணாம்பு வால்வு மூடியிருக்க வேண்டும், தொட்டியிலும் சல்பைடு இருக்கக் கூடாது. சோதனை ஓட்டத்தில் நூறு முறை பார்த்தாலும் நூற்றியொன்றாவது முறைக்கு அது உத்தரவாதம் ஆகாது என்பதால், மாடல் செக்கிங் முறையைத் தேர்ந்தெடுத்தேன். நிரலையும் வால்வுகளையும் நிலைகளாக வரைந்து கொடுத்தால், அவை சென்றடையக்கூடிய ஒவ்வொரு நிலையையும் கணினி விடாமல் தேடும். இந்த முறையை உருவாக்கியதற்காகக் கிளார்க், எமர்சன், சிஃபாகிஸ் மூவருக்கும் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது 2007-ஆம் ஆண்டுக்குக் கிடைத்தது.

முதல் ஓட்டத்தில் விதி உடையாமல் நின்றது. ஆனால் மின்வெட்டை நான் வரையவே இல்லை என்பது இரவு வீட்டில் கரண்ட் போனபோதுதான் உறைத்தது.

மே 9, வியாழன்

மின்வெட்டைச் சேர்த்ததும் ஒன்பதே படிகளில் விதி உடைந்தது. சுண்ணாம்பு வால்வு திறந்திருக்கையில் மின்சாரம் போகிறது. மோட்டார் வால்வு இருந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. ஜெனரேட்டர் ஓடியதும் பி.எல்.சி. புதிதாக எழுகிறது, நினைவகம் பூச்சியம், பூச்சியம் என்றால் எங்கள் நிரலில் "மூடியது" என்று பொருள். ஆபரேட்டர் அமிலப் பொத்தானை அழுத்துகிறார், அமில வால்வு திறக்கிறது. தனியாகப் பார்த்தால் நிரலின் எந்த வரியிலும் பிழை இல்லை. அந்த ஒன்பது படிகளை மூன்று முறை விரலால் தொட்டுப் படித்தேன்.

நாங்கள் அனுப்பிய கட்டளையை நம்பாமல் வால்வு உண்மையில் எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் லிமிட் சுவிட்ச் சொல்வதை மட்டும் நம்புவது, பி.எல்.சி. எழுந்தவுடன் இரண்டு வால்வுகளும் திறந்திருப்பதாகவே கொள்வது என்று மாற்றியபின் விதி மீண்டும் உடையாமல் நின்றது.

மே 14, செவ்வாய்

இன்று களத்தில் ஆபரேட்டர் அண்ணனிடம் ஒன்பது படிகளையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிம்மா, இதைப் பாரு" என்று சுண்ணாம்பு வால்வின் டெர்மினல் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு சிவப்பு ஒயர், இரண்டு திருகுகளுக்கு நடுவே. அமிலப் புகையில் சுவிட்ச் துருப்பிடித்துச் சிக்கிக்கொண்டதால், வேலை நிற்கக் கூடாதென்று சுவிட்சைத் தாண்டி யாரோ போட்ட குறுக்கு இணைப்பு, ஜம்பர், அது. வால்வு எப்படி இருந்தாலும் பி.எல்.சி.க்கு "மூடியது" என்றே போகும்.

நேற்று வரை நான் நிரூபித்ததாக நினைத்தது அந்த ஒயரில் அறுந்துவிட்டது. அவர் காட்டியிராவிட்டால் கையெழுத்திட்டு அனுப்பியிருப்பேன்.

இனி ஒவ்வொரு வால்வுக்கும் இரண்டு சுவிட்சுகள்: ஒன்று "திறந்தது", ஒன்று "மூடியது". இரண்டும் ஒரே நேரத்தில் ஆம் என்றாலோ, நகர வேண்டிய நேரம் கடந்தும் இரண்டும் இல்லை என்றாலோ, அமிலம் பூட்டப்படும். ஜம்பரையும் மாடலில் வரைந்துவிட்டேன்.

மே 16, வியாழன்

பேனலுக்குள் சிம் போட்ட ரவுட்டர் ஒன்று இருந்தது. பராமரிப்புக்காரர்கள் தூரத்திலிருந்து பார்க்க வைத்ததாம், கடவுச்சொல் பெட்டியோடு வந்ததேதான். கருவிகள் ஒன்றோடொன்று பேச நாங்கள் பயன்படுத்தும் மோட்பஸ் நெறிமுறை 1979-இல் பிறந்தது. கட்டளை அனுப்புவது யார் என்று அது கேட்பதே இல்லை. 2000-இல் ஆஸ்திரேலியாவின் மரூச்சி வட்டாரத்தில், கழிவுநீர் அமைப்பை நிறுவிய நிறுவனத்தில் முன்பு வேலை பார்த்த ஒருவர் ரேடியோ வழியே பம்பு நிலையங்களுக்குக் கட்டளை அனுப்பி, ஏறத்தாழ எட்டு லட்சம் லிட்டர் கழிவுநீரைப் பூங்காக்களிலும் ஓடைகளிலும் விட்டார்.

எந்தப் படியிலும் எந்த மதிப்பையும் வெளியாள் எழுதலாம் என்று மாடலில் அனுமதித்தேன். முதல் படியிலேயே விதி உடைந்தது. ரவுட்டரைக் கழற்றச் சொல்லி எழுதினேன். அதோடு, நிரலைத் தொடாமல் சுண்ணாம்பு வால்வின் "மூடியது" தொடர்பும் அமிலப் பம்புக்கு மின்சாரம் விடும் கான்டாக்டரும் நேராக ஒரு ரிலேயில் (மின்காந்த சுவிட்சில்) இணைய வேண்டும் என்றேன். செலவு கூடுகிறது என்று தயங்கினார்கள். 2015 ஜனவரியில் இதே ராணிப்பேட்டைச் சிப்காட் தொழிற்பேட்டையில் கழிவுச்சேற்றுத் தொட்டியின் சுவர் உடைந்து பத்துப் பேர் இறந்ததை நினைவுபடுத்தினேன். ரிலேக்கு ஒப்புக்கொண்டார்கள்.

மே 21, செவ்வாய்

தொட்டியில் வெறும் தண்ணீரை விட்டு, சுண்ணாம்பு வால்வு பாதி திறந்திருக்கையில் மெயினை அணைத்தோம். ஜெனரேட்டர் வந்ததும் அண்ணனே அமிலப் பொத்தானை அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது, பம்பு ஓடவில்லை. பழைய ஜம்பரை வேண்டுமென்றே மீண்டும் மாட்டி, வால்வை முழுதும் திறந்து அழுத்தினோம், நிரல் பூட்டிக்கொண்டது. ஆனால் நிரலை விலக்கி ரிலேயை மட்டும் சோதித்தபோது பம்பு ஓடியது. ரிலேயும் அந்த ஒரே சுவிட்சைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறது.

அதற்குத் தனியாக, புகை புகாத உறையோடு ஒரு சுவிட்ச் கேட்டிருக்கிறேன். அது வந்து பொருத்தும்வரை அறிக்கையில் நான் கையெழுத்திடவில்லை. சிவப்பு ஒயர் என் பையில் இருக்கிறது.