சிவப்பில் ஒரு நிமிடம்

ஓடுகிற வண்டியில் செல்போன் அணைந்திருக்க வேண்டும் என்பது ரயில் ஓட்டும் லோகோ பைலட்டுகளுக்கான விதி. எனக்கு அது சலுகையாகத்தான் பட்டிருக்கிறது. வண்டி கிளம்பிவிட்டால் வாட்ஸ்அப் இல்லை, செய்தி இல்லை, யாரும் கூப்பிட முடியாது. தண்டவாளமும் சிக்னலும்தான்.

அதற்காக மனம் சும்மா இருந்துவிடுமா? கண் சிக்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும், புத்தி பெண்ணின் காலேஜ் ஃபீஸில் நிற்கும். இதைத் தெரிந்துதான் சிக்னலை வாய்விட்டுச் சொல்ல வைத்திருக்கிறார்கள். அடுத்த சிக்னலை முன்கூட்டியே உணர்த்தும் டிஸ்டன்ட் சிக்னலில் இரண்டு மஞ்சள் விளக்கு எரிந்தால், அசிஸ்டெண்ட் கை நீட்டி, “டிஸ்டன்ட், டபுள் யெல்லோ” என்பார். நான் அதையே திருப்பிச் சொல்வேன். ஜப்பான் ரயில்களிலும் விரல் நீட்டிச் சொல்கிற வழக்கம் உண்டு. வாய் திறந்து சொல்லும்போது புத்தி திரும்பி வந்தே ஆக வேண்டியிருக்கிறது. இது போதாதென்று கேபினில் ஒரு கருவியும் இருக்கிறது. ஒரு நிமிடம் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திராட்டில், ஹாரன், பிரேக் எதையும் தொடாமல் இருந்தால் விளக்கு மின்னும், அப்புறம் பஸ்ஸர் அலறும். அதற்கும் அசையாவிட்டால் தானே பிரேக் போட்டு வண்டியை நிறுத்திவிடும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, வண்டி கடப்பதைப் பொறுத்துத் தானே நிறம் மாறும் ஆட்டோமேட்டிக் சிக்னலுக்கான விதி. சென்னை–அரக்கோணம் பக்கம் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகிற தடத்தில், அந்த வகை என்று காட்டும் ‘ஏ’ பலகை உள்ள சிக்னல் சிவப்பாக இருந்தால் நிற்க வேண்டும். பகலில் 1 நிமிடம், இரவில் 2 நிமிடம். அப்புறம் எந்த இடத்திலும் நிறுத்தத் தயாராக, மெதுவாக நகரலாம். புதிதாக வரும் பையன்களுக்கு அந்த நிமிடம் தாங்காது. “சார், முன்னாடி லைன் காலியாத்தானே தெரியுது?” என்பார்கள். “நிமிஷம் ஆகட்டும்ப்பா” என்பேன். முன்னால் போன வண்டி வளைவுக்கு அப்பால் நின்றுகொண்டிருக்கலாம். அதைவிட, வேகத்தில் வந்த உடம்பு அடங்க அந்த நேரம் வேண்டும். விதியை எழுதியவர் இதை நினைத்தாரோ என்னவோ, என் அனுபவம் இது. லோகோவில் நான் நிதானமானவன் என்று பெயர் வாங்கியதில் என் சுபாவத்துக்குப் பங்கு குறைவு. இந்த நடைமுறைகள்தான் என்னைப் பிடித்து உட்கார வைத்தன.

ட்யூட்டிக்கு நடுவே நாங்கள் தங்கி ஓய்வெடுக்கும் ரன்னிங் ரூமில் இப்போது தியான அறைகூட வைத்திருக்கிறார்கள். கண்ணை மூடினால் எனக்குத் தூக்கம்தான் வந்தது. எங்கள் வேலையில் அதுவும் லாபமே.

வீட்டில்தான் சிக்கல். முன்பெல்லாம் கால் பாய் சைக்கிளில் வந்து கதவைத் தட்டி, ட்யூட்டியைச் சொல்லி, புத்தகத்தில் கையெழுத்து வாங்கிப் போவார். அவர் வரும்வரை வீடு நம்முடையது. இப்போது அந்த அழைப்பு செல்போனில் வருவதால் அதை அணைக்க முடியாது. அணைக்காத போனில் சொந்தக்காரர்களின் குட் மார்னிங்கும், கடன் வேண்டுமா என்று கேட்கும் குரல்களும் சேர்ந்தே வருகின்றன.

அதனால் பட்டன் போன் ஒன்று வாங்கி அந்த நம்பரை, ட்யூட்டி போடும் அலுவலகமான லாபியில் மட்டும் கொடுத்தேன். ஓய்வு நேரத்தில் ஸ்மார்ட்போன் பீரோவுக்குள் போய்விடும். “அம்மாவுக்கு ஏதாவதுன்னா எப்படிக் கூப்பிடுவாங்க?” என்றாள் மனைவி. நியாயம்தான், மாமியாருக்கும் நம்பர் போனது. அங்கிருந்து மச்சினனுக்குப் போய்விட்டது. நைட் ட்யூட்டி முடித்து நான் தூங்குகிற பகல் பதினொரு மணிக்குத்தான் அவருக்கு என்னிடம் பேசத் தோன்றுகிறது.