எதுக்கு தம்பி இந்த லைட்டு?

விளக்கு வைத்த ஃபேன், விளக்கில்லாத ஃபேனைவிட நன்றாகக் காற்றைத் தள்ளாது. கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிற எவருக்கும் இது தெரியும். மகனோடு எங்கள் கடைக்கு வந்த ஓர் அப்பா என்னிடம் கேட்ட நேரத்தில் எனக்கும் தெரிந்துதான் இருந்தது.

பையன் லிஸ்ட் எழுதி எடுத்து வந்திருந்தான். ப்ராசஸர், மதர்போர்டு, பவர் சப்ளை எல்லாம் பொருத்தமாகவே இருந்தன, நான் திருத்த எதுவும் இல்லை. கடைசி வரிகளில்தான் விவகாரம்: முன்பக்கமும் பக்கவாட்டிலும் கண்ணாடி போட்ட கேபினட் (கம்ப்யூட்டர் பெட்டி), ஒவ்வொரு எல்ஈடியும் தனித்தனி நிறத்தில் எரிகிற ஏஆர்ஜிபி ஃபேன் செட், மின்னுகிற ராம் மெமரி. அப்பா அந்த வரிகளில் விரலை வைத்து, பையனை விட்டுவிட்டு என்னைக் கேட்டார்: "இந்த லைட்டால என்ன பிரயோஜனம் தம்பி?"

பையன் என்னைப் பார்த்தான்.

"காத்தோட்டம் நல்லா இருக்கும் சார்" என்றேன். அவர் தலையாட்டினார். பில் போட்டாயிற்று.

பொய் என்று யாரும் சொல்லிவிட முடியாது. கேபினட்டோடு வருவது பின்னால் ஒரே ஒரு ஃபேன். இந்த செட்டில் இன்னும் மூன்று. முன்னால் மூன்று உள்ளே இழுத்து, பின்னால் ஒன்று வெளியே தள்ளினால் கிராபிக்ஸ் கார்டின் சூடு குறையத்தான் செய்யும். ஆனால் விளக்கில்லாத மூன்று கறுப்பு ஃபேன் போட்டாலும் அதே பலன். அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. கண்ணாடி முகப்பு வழியாகக் காற்று எப்படி வரும்? ஓரத்து இடுக்கில் புகுந்துதான் வரவேண்டும். வலை போட்ட முகப்பாக இருந்தால் ஃபேன்கள் இத்தனை சிரமப்பட வேண்டியதில்லை. ஆக, காற்றை மறிக்கிற பெட்டியை விற்றுக்கொண்டே காற்றோட்டம் பற்றிப் பேசியிருக்கிறேன். கொடுப்பதற்கு முன் மெஷினுக்கு முழு வேலை கொடுத்து டெஸ்ட் பண்ணினேன், சூடு வரம்பைத் தாண்டவில்லை. யாருக்கும் நஷ்டமில்லை. இருந்தும் அந்தப் பதில் இன்னும் உறுத்துகிறது.

"அழகா இருக்கும் சார்." இதைத்தான் சொல்லியிருக்க வேண்டுமோ? அது ஏன் வாயில் வரவில்லை என்பதுதான் பிரச்சினை. எங்கள் வேலையில் எல்லாவற்றுக்கும் ஒரு அளவு வேண்டும். டிகிரி, வாட், நொடிக்கு இத்தனை ஃபிரேம். அளவில்லாத காரணத்தைச் சொன்னால் வாடிக்கையாளருக்கு நம் மீது நம்பிக்கை போய்விடும் என்று ஒரு பயம். அந்த அப்பா என்னை விஷயம் தெரிந்தவன் என்று நினைத்துத்தான் கேட்டார். விஷயம் தெரிந்தவன் வாயில் அழகு என்ற பேச்சு வரலாமா? அப்புறம், இந்த செட் விற்றால் கடைக்கு லாபம் என்பதும் மனதின் ஓர் ஓரத்தில் இருந்திருக்கும். இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இந்த ஆசை இன்றைக்கு வந்ததும் இல்லை. 2000களின் தொடக்கத்தில் கம்ப்யூட்டர் ஆர்வலர்கள் கேபினட்டின் இரும்புத் தகட்டைத் தாங்களே அறுத்து, அக்ரிலிக் ஜன்னல் பொருத்தி, உள்ளே கோல்டு கேத்தோடு என்கிற மெல்லிய குழாய் விளக்குகளை ஒட்டினார்கள். அந்தக் குழாய் எரிய 12 வோல்ட்டைப் பல நூறு வோல்ட்டாக ஏற்றும் இன்வெர்ட்டர் தேவை. இத்தனையும் செய்தவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. தன் கையால் கட்டிய பொருளின் உள்ளே பார்க்க முடியவேண்டும் என்று அவர்களுக்கு இருந்திருக்கிறது. அதற்கு யாரிடம் காரணம் சொல்லியிருப்பார்கள்?

சிவப்பு, பச்சை எல்ஈடிகள் வந்து வெகுகாலம் கழித்து, 1990களில்தான் பிரகாசமான நீல எல்ஈடி வந்தது. அதற்காக அகாசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் கொடுத்தார்கள். மின்சாரத்தை மிச்சப்படுத்தும் வெள்ளை விளக்கு அதனால் சாத்தியமானது என்பது அந்தப் பரிசுக்குச் சொன்ன காரணம். அங்கேயும் பிரயோஜனம்தான் பேசியது. சிவப்பு, பச்சையோடு கலக்க அதே நீலம் இல்லாவிட்டால், ஏஆர்ஜிபி டப்பாவில் பெருமையாக அச்சடிக்கிற ஒரு கோடியே அறுபத்தேழு லட்சம் நிறங்களும் இல்லை.

விளக்குகள் மேல் எனக்குக் கோபமும் உண்டு. எல்லா எல்ஈடியும் ஒரே நிறத்தில் எரிகிற பழைய ஆர்ஜிபிக்கு 12 வோல்ட், நான்கு பின். ஏஆர்ஜிபிக்கு 5 வோல்ட், மூன்று பின். ஏஆர்ஜிபியை 12 வோல்ட்டில் மாற்றிச் செருகினால் எல்ஈடி போச்சு. ராமுக்கு ஒரு சாஃப்ட்வேர், ஃபேனுக்கு ஒன்று, மதர்போர்டுக்கு இன்னொன்று. மூன்றும் ஒன்றோடொன்று சண்டை போடும். என் வீட்டு மெஷின் ஜன்னலே இல்லாத கறுப்புப் பெட்டி. உடன் வேலை செய்பவர்கள் கிண்டல் பண்ணுவார்கள்.

ஆனால் வேலை என்று வரும்போது கதை வேறு. ஏஆர்ஜிபி வரிசையில் ஒவ்வொரு எல்ஈடியும் தன் நிறத்தைச் சொல்லும் 24 பிட் தகவலை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்ததற்குத் தள்ளிவிடும், பந்தியில் வாளி கைமாறுவதுபோல. நடுவில் ஒன்று செத்தால் அதற்குப் பின்னால் இருப்பவை இருண்டுபோகும். அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்குப் பிடிக்கும். அதைவிட, வெளிச்சம் இருந்தால் என் வேலை தெரியும். கறுப்புப் பெட்டியில் கேபிளைச் சுருட்டி ஒரு மூலையில் திணித்து மூடிவிடலாம். கண்ணாடிப் பெட்டியில் முடியாது. ஃபேனின் பின்பக்கத்துச் சட்டங்கள் தெரியக்கூடாது என்று அதைத் திருப்பி மாட்டினால் காற்றும் திரும்பிவிடும், ஆகவே எந்தப் பக்கம் எது என்று யோசித்தே ஆகவேண்டும். அந்தப் பையன் பக்கத்தில் நின்று, "அண்ணா, அந்த வயர் தெரியாம போடுங்கண்ணா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். எரிச்சலாகத்தான் இருந்தது. போட்டேன். அந்த வாரம் கட்டிய மெஷின்களில் அதுதான் சுத்தமாக வந்தது.

அப்படியானால் விளக்குக்குப் பிரயோஜனம் உண்டு என்றுதானே ஆகிறது? இப்படி யோசிக்கும்போதே, மறுபடியும் ஒரு பிரயோஜனத்தைத் தேடிப் பிடித்துவிட்டேன் என்று தெரிகிறது.

கொஞ்ச நாள் கழித்து ஓர் அம்மா, மகளோடு வந்தார். அதே கேள்வி. இந்த முறை, "அழகுக்குத்தாம்மா, வேற ஒண்ணுமில்ல" என்றேன். "அப்ப வேண்டாம், எடுத்துருங்க" என்றார் உடனே. அந்தப் பெண் எதுவும் பேசவில்லை. விளக்கில்லாத ஃபேன் போட்டு, நல்ல மெஷினாகத்தான் கொடுத்தேன். நேர்மையாக இருந்த திருப்தி வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. மகளுக்குச் சேர வேண்டியதை நான் பிடுங்கிக்கொண்டதுபோல் இருந்தது. ஆனால் பணம் அம்மாவுடையது. தெரிந்து முடிவெடுக்க அவருக்கு உரிமை உண்டு. அந்த அப்பாவுக்கும் அந்த உரிமை இருந்தது. யார் கண்டது, அழகு என்று சொல்லியிருந்தால் அவர் சரி என்றே சொல்லியிருக்கலாம். கேட்கும் வாய்ப்பை நான் கொடுக்கவில்லை.

இப்போதெல்லாம் யாராவது கேட்டால் நான் பதில் சொல்வதில்லை. பிள்ளைகள் பக்கம் திரும்பி, "நீயே சொல்லுப்பா" என்கிறேன். இது நழுவல் என்கிறார் சீனியர். இருக்கலாம். பிள்ளைகளில் பெரும்பாலானோர் கொஞ்சம்கூடத் தயங்காமல், "காத்தோட்டம் நல்லா இருக்கும்பா" என்கிறார்கள்.