ஆறாம் வகுப்பு 'அ' பிரிவு: வகுப்பாசிரியையின் நாட்குறிப்பு

2025 ஜூன் 2, திங்கள்

கோடை விடுமுறை முடிந்து இன்று பள்ளி திறந்தது. நாகமலை அடிவாரத்துச் சிற்றூர்கள் நான்கிலிருந்து, அந்தந்த ஊரில் ஐந்தாம் வகுப்பு முடித்து வந்திருக்கும் 38 பிள்ளைகளுக்கு இவ்வாண்டு நான் வகுப்பாசிரியை. பாடப்புத்தகம் வழங்கி முடிப்பதற்குள் முற்பகல் கழிந்துவிட்டது. தலை நிமிர்ந்து பார்த்தபோது, பிள்ளைகள் ஊர் ஊராகவும், ஊருக்குள்ளும் தெருத் தெருவாகவும் பிரிந்து அமர்ந்திருந்தார்கள். எவர் பக்கத்தில் உட்காரலாம், எவர் பக்கத்தில் கூடாது என்பது இந்த வயதிலேயே இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது என்ற எண்ணம் வீடு வந்த பின்பும் என்னை விடவில்லை. நான்கு பையன்களின் மணிக்கட்டில் நிறக் கயிறுகள்.

ஜூன் 4, புதன்

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வெட்டிய கொடுமைக்குப் பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு அமைத்த குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் நிறக் கயிறுகள் பள்ளிக்குள் கூடாது என்றும், மாணவர்களை அகர வரிசைப்படி அமர்த்த வேண்டும் என்றும் அக்குழு பரிந்துரைத்தது. நிறைய பேருக்கு இந்த இரண்டாவது பரிந்துரை அற்பமாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஏனெனில் ஓராண்டு முழுவதும் ஒரே பெஞ்சில் அமர்ந்து அழிரப்பரையும் அடிக்கோலையும் மாற்றிக்கொள்ளும் இருவருக்கிடையே வளரும் பழக்கத்தை எந்தச் சொற்பொழிவாலும் உண்டாக்க முடியாது.

இன்று அகர வரிசைப்படி அமர்த்தினேன். முதல் பாடவேளை முழுவதும் வகுப்பில் ஓர் இறுக்கம் இருந்தது. கயிறு கட்டிய ஒருவன் பெஞ்சின் நுனிக்கு நகர்ந்து, பாதி உடம்பு வெளியே தொங்கும்படி உட்கார்ந்திருந்தான். கயிற்றை நான் அறுக்கவில்லை. பள்ளிக்குள் அது வேண்டாம் என்று எல்லாருக்கும் சொன்னேன். அவன் தானே கழற்றினால்தான் அது கழன்றதாகும் என்று நம்புகிறேன்.

ஜூன் 6, வெள்ளி

வகுப்புக்கான விதிகளைப் பிள்ளைகளையே எழுதச் சொன்னேன். சமூக அறிவியல் நூலின் தொடக்கப் பக்கத்தில் உள்ள அரசியலமைப்பு முகப்புரையை முதலில் சேர்ந்து வாசித்தோம். 'சகோதரத்துவம்' என்றால் என்ன என்று கேட்டதற்கு, "கூடப் பொறந்தவங்க மாதிரி இருக்கிறது டீச்சர்" என்று ஒரு பெண் சொன்னாள். அதன்பின் விதிகள் தாமாகவே வந்தன: பட்டப்பெயர் சொல்லக் கூடாது, அப்பா அம்மா செய்யும் வேலையைச் சொல்லித் திட்டக் கூடாது, வராதவருக்குப் பக்கத்தில் இருப்பவர் வீட்டுப்பாடம் எழுதி வைக்க வேண்டும். இரண்டாவது விதியைச் சொன்ன பையன் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அவன் எதை நினைத்துச் சொன்னான் என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 18, புதன்

சத்துணவுக்குத் தட்டோடு வெளியே போனதும் பழையபடி ஊர் ஊராகவே உட்காருகிறார்கள். வகுப்பறைக்குள் கைகூடியது வேப்பமரத்தடியில் கைகூடவில்லை. இன்று நானும் என் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையின் நடுவில் போய் அமர்ந்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

1939-ஆம் ஆண்டு இதே நாளில், மதுரைக் காங்கிரஸ் தலைவர் அ. வைத்தியநாத ஐயர், அதுவரை உள்ளே விடப்படாதவர்களை உடன் அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார். அப்படிச் சென்றவர்களுள் மேலூர் பக்கத்துத் தும்பைப்பட்டியில் பிறந்த கக்கனும் ஒருவர். பின்னாளில் இம்மாநிலத்தின் உள்துறை அமைச்சராக இருந்தவர். வைத்தியநாத ஐயருக்குச் சொந்தச் சாதியிலேயே கடும் எதிர்ப்பு இருந்ததையும் அவர் பின்வாங்காததையும் விளக்கினேன். திருவிழாவுக்கும் வளையல் வாங்கவும் பலமுறை போய்வந்த கோயிலாதலால், பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள்.

முதல் வாரத்தில் பெஞ்சின் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தவன் எழுந்தான். "அன்னிக்கு உள்ள போகயில அவங்களுக்குப் பயமா இருந்திருக்காதா டீச்சர்?" என்றான். இருந்திருக்கும், ஆனாலும் சேர்ந்து போனார்கள் என்றேன். கயிறு இன்னும் அவன் கையில்தான் இருக்கிறது. மாலையில் பக்கத்து இருக்கைப் பையனையும் கூட்டிக்கொண்டு ஆசிரியர் அறை வாசலுக்கு வந்து, எல்லாரையும் ஒருநாள் அந்தக் கோயிலுக்குக் கூட்டிப் போவீர்களா என்று கேட்டான். நாளை தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்க வேண்டும்.